வெண்ணெய் ஊரில் ஒரு பெட்ரோல் பாடம்

கதித்தமலை முருகனைத் தரிசித்து, ஊத்துக்குளி வெண்ணெயும் வாங்கிக்கொண்டு பைக்கில் கிளம்பினோம். வழியில் பெட்ரோல் பங்க். "பிரீமியம் போட்டுரலாங்களாண்ணா? மைலேஜ் நல்லா வரும்" என்றார் பையன். தலையாட்டப் போன இவரைத் தடுத்தேன். "ஏனுங்க, வண்டிப் புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க!" சாதாவே போதுமாம்!

சகோதரிகளே, ஆக்டேன் எண் பெட்ரோலின் சத்தைச் சொல்வதல்ல; எஞ்சின் தட்டாமல் எரியும் தன்மையைச் சொல்வது. வண்டி கேட்காத உயர்ரகம் வீண் செலவுதான்.

இன்னொன்று. 2025-ல் சாதா பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய வண்டிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அதே புத்தகத்தில் பாருங்கள். தண்ணீர் புகுந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து டாங்க் அடியில் தங்கிவிடும்.

வெண்ணெயைத் தண்ணீரில் போட்டு வைக்கலாம். பெட்ரோலுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. மழைக்காலத்தில் மூடி இறுகியிருக்கட்டும்!