விமானத்துக்குள் இரண்டு கதிரைகள்

எங்கள் வயதுப் பெண்களைக் கேட்டால் சத்தத்தை வைத்தே விமானத்தின் பெயரைச் சொல்லுவோம். ஹெலியின் சத்தம் வேறு, பொம்மரின் சத்தம் வேறு. வண்டு பகல் முழுக்கத் தலைக்கு மேல் இரைந்துகொண்டு நிற்கும். இதையெல்லாம் எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. அடுப்படியில் நின்றபடியே காது பழகிக்கொண்டது. ஆனால் விமானத்தின் உட்பக்கம் எப்படியிருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நாங்கள் கண்டதெல்லாம் அதன் வயிற்றுப் பக்கம்தான்.

உட்பக்கத்தை எனக்குக் காட்டியவன் என் பேரன். வயது பதின்மூன்று. பழைய காலத்துச் சின்ன விமானங்களில் விமானி இருக்கும் இடத்தின் படங்களைச் சேர்ப்பதுதான் அவனுடைய பொழுதுபோக்கு. மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய சஞ்சிகைகளிலிருந்து வெட்டி, ஒரு கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறான். படத்தின் கீழே உள்ள பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, "அம்மம்மா, இது என்ன பிளேன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று வருவான்.

"எனக்கு உது வேண்டாம் ராசா, கொண்டுபோய் வை" என்றுதான் முதலில் சொன்னேன்.

அதற்குக் காரணம் இருந்தது. 1996இல் கொழும்புக்கு வந்த புதிதில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தோம். ஒரு அறையில் நாங்கள் ஐந்து பெண்கள். ஒருநாள் மத்தியானம் தாழப் பறந்த விமானம் ஒன்றின் சத்தம் கேட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐந்து பேரும் கட்டிலுக்குக் கீழே இருந்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். சிரித்து முடிய எல்லோருக்கும் கண்ணீர் வந்தது. வெள்ளவத்தைக்கு மாறிய பிறகும், கடற்பக்கமாகச் சின்ன விமானம் ஒன்று போனால் என் கை தானாகவே பிள்ளையைத் தேடும்.

ஆனாலும் பேரன் விடவில்லை. ஒரு மழை நாளில் பக்கத்தில் இருந்து எனக்குப் பாடம் எடுத்தான்.

முதலில் கதிரைகளைப் பார்க்க வேண்டுமாம். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றா, பக்கத்தில் பக்கத்திலா? அடுத்தது, விமானி பிடிப்பது தடியா, காரில் இருப்பது போன்ற சுக்கானா? மூன்றாவது, தலைக்கு மேல் கூரை உண்டா, இறக்கை மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா? கடைசியாக, மணிக்கூடு மாதிரி இருக்கும் வட்டங்களில் என்ன மொழியில் எழுதியிருக்கிறது, வேகம் எந்த அளவில் போட்டிருக்கிறது?

கூரையில்லாத ஒரு படம் காட்டினான். தோலால் செய்த கதிரை, நடுவில் ஒரு தடி, பெரிய திசைகாட்டி, நாலைந்து வட்டங்கள். அவ்வளவுதான். "ரைகர் மொத்" என்றான். நான் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அது ஒரு விட்டில் பூச்சியின் பெயராம். 1931இல் இங்கிலாந்தில் முதல் பறந்தது. முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவர். இரைச்சலில் பேச்சுக் கேளாது என்பதால் ஒரு குழாய் வழியாகக் கதைப்பார்களாம்.

அதே போல ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருக்கைகள், ஆனால் மேலே கண்ணாடி மூடி இருந்தால் அது பெரும்பாலும் சிப்மங்க். 1946இல் கனடாவில் முதலில் பறந்தது. 1951இல் இலங்கையில் விமானப்படை தொடங்கிய காலத்தில் பழக்கத்துக்கு வந்த விமானங்களில் இதுவும் ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கதிரை, இரண்டு சுக்கான், இறக்கை தலைக்கு மேலே என்றால் செஸ்னா 150.

ரத்மலானைக்கு முதன்முதலில் வந்திறங்கியதும் இப்படியொரு சின்ன விமானந்தான். 1935 நவம்பர் 27ஆம் திகதி, சென்னை விமானக் கழகத்தின் ஆசிரியர் ஓட்டிவந்த புஸ் மொத். அடுத்த வருடம், 1936இல், இந்தியாவில் சர்ளா தக்ரால் என்ற இளம் பெண் ஜிப்சி மொத் விமானத்தை ஓட்டி உரிமம் பெற்றார். அவர் சேலையுடுத்தே அந்தக் கதிரையில் ஏறினார் என்று வாசித்தபோது, அந்தக் கொப்பி மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

போன மாதம் ஒரு புதுப் படம் கொண்டுவந்தான். இந்த முறை நானே பார்த்துச் சொல்லுகிறேன் என்றேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கதிரை. சுக்கான் இல்லை, தடிதான். இறக்கை கீழே. மேலே பெரிய கண்ணாடி. இறக்கையின் நுனியில் எண்ணெய்த் தாங்கி ஒன்று தெரிந்தது.

அந்தத் தாங்கியைக் கண்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்த உருவத்தைக் கீழே நின்று பார்த்திருக்கிறேன்.

"சியாமாச்செட்டி" என்றேன்.

பேரன் கையை எடுத்தான். கீழே சியாய் மார்க்கெட்டி எஸ்.எஃப். 260 என்று இருந்தது. எங்கள் ஊர்ச் சனம் அந்த இத்தாலிப் பெயரைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிவிட்டது. 1980களின் நடுப்பகுதியில் அது எங்கள் வானத்துக்கு வந்தது. அது போட்ட குண்டு ஒன்று எங்கள் பங்கருக்குப் பக்கத்தில் விழுந்த நாளில்தான் என் தங்கையின் இடது காது போனது.

"அம்மம்மா, இது ஓட்டப் பழக்கிற பிளேன். 1964இல முதல் பறந்தது. ஒரு கதிரை ஆசிரியருக்கு, மற்றது படிக்கிறவருக்கு" என்றான் அவன். நான் நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டு போடுவதற்கென்றே பிறந்தது என்று நான் நினைத்திருந்த ஒன்றுக்குள், ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுப்பதற்காக வைத்த கதிரை இருந்தது. குண்டுகளைப் பிறகு மனிதர்தான் இறக்கைக்குக் கீழே கட்டியிருக்கிறார்கள்.

2007 ஏப்ரலில், உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்த இரவு, புலிகளின் சின்ன விமானங்கள் கொழும்புக்கு வந்தபோது மின்சாரத்தை நிறுத்தினார்கள். எங்கள் மாடிப்படியில், இருட்டில், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரது கை நடுங்கியது. எனக்கு அந்த நடுக்கம் பழக்கமானது. அந்த விமானமும் செக் நாட்டில் பழகுவதற்கும் பயணத்துக்குமாகச் செய்த ஸ்லின் 143தான் என்று பேரனின் கொப்பியில்தான் பார்த்தேன்.

அன்றைக்குத்தான் பேரனுக்குப் பங்கர் கதையைச் சொன்னேன். இவ்வளவு காலமும் சொல்லவில்லை. பிள்ளை பயந்துவிடும் என்று நினைத்தேன். அவன் பயப்படவில்லை. "சின்னம்மம்மா அதாலேயோ எப்பவும் வலது காதிலை போனை வைக்கிறவ?" என்று மட்டும் கேட்டான்.

இரவு கனடாவுக்குப் போன் எடுத்துத் தங்கையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"உள்ளுக்கு என்ன இருந்தது அக்கா?"

"ரெண்டு கதிரை."

"அவ்வளவுதானோ?" என்றாள்.

சகோதரிகளே, பயம் முற்றாகப் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். விமானச் சத்தம் கேட்டால் கை இன்னும் பிள்ளையைத் தேடத்தான் செய்கிறது. ஆனால் இப்போது அவன் யன்னலுக்கு ஓடிப்போய், "செஸ்னா, அம்மம்மா" என்று சொல்லுவான். நானும் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன். ரத்மலானையிலுள்ள விமான அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வருகிற பள்ளி விடுமுறையில் போவோம் என்று சொல்லியிருக்கிறேன்.