மூன்றாம் சக்கரம்

மோட்டார் சைக்கிளின் இடப்புறம் பொருத்தும் சைடுகாருக்கு விசித்திரமான குணம் ஒன்று உண்டு. வேகத்தைக் கூட்டினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிரேக்கை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். பெட்டி வெறுமையாக இருக்கையில் இடது வளைவில் விரைந்து திரும்பினால், மூன்றாம் சக்கரம் தரையைவிட்டு எழுந்துவிடும். அதனால் மணல் மூட்டையைப் பாரமாக வைத்து ஓட்டுவோர் உண்டு. 2024 மே மாதத்தில் ஒரு விடியற்காலையில் அதியமான்கோட்டையிலிருந்து நான் புறப்பட்டபோது, என் பெட்டியில் இருந்த பாரம் மணி என்னும் நாட்டு நாய்.

திருப்பலிக்கு நடந்து வர இயலாத முதியோருக்காகவே என் பழைய புல்லட்டில் அந்தப் பெட்டியைப் பொருத்தினேன். அதில் அதிகம் பயணித்தவர் மணியை வளர்த்த பெரியவர். அவருடைய தாயார் திருமுழுக்குப் பெற்ற ஆலயம், 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் நீரில் மூழ்கிய ஆலயங்களுள் ஒன்று. 120 அடி கொள்ளும் அணையில் நீர் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடிக்கருகே அதன் கோபுரம் வெளிப்படும். இன்னும் நீர் வற்றினால், அதே பகுதியில் மூழ்கிய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் தலைகாட்டும். அணை எல்லாச் சமயத்தாரின் ஊர்களையும் ஒருங்கே விழுங்கியது.

"சாமி, ஒரு தடவ அந்தக் கோயிலப் பாத்துட்டு வந்துரலாமா?" என்று திருவருகைக் காலத்தில் கேட்டார். கிறிஸ்து பிறப்பு விழா முடியட்டும் என்றேன். சனவரியில் மீண்டும் கேட்டார். உயிர்ப்பு விழா முடியட்டும் என்றேன். விழா முடிந்தது, அடுத்த வாரமே அவரை அடக்கம் செய்தேன்.

அன்று மாலை மணி வந்து சைடுகாரின் அடியில் படுத்துக்கொண்டது. பைரவரின் ஊர்தி என்று நாயை மதிக்கும் ஊர் இது; இங்குள்ள காலபைரவர் கோயில் பெயர்பெற்றது. ஆகவே, அதற்கு உணவு வைக்கப் பலர் முன்வந்தனர். அதுவோ அந்த இடத்தைவிட்டு அகலவில்லை.

தருமபுரி, பென்னாகரம், ஏரியூர் கடந்து நாகமரையை அடைந்தோம். அணையில் நீர் 60 அடிக்கும் கீழே இறங்கியிருந்தது. பரிசல்காரர் நாயைக் கண்டு தயங்கினார். "நடுவுல உக்கார வையுங்க சாமி, ஓரத்துக்கு வந்தா கவுந்துரும்" என்று சொல்லி ஏற்றிக்கொண்டார். மூங்கில் பின்னலின்மேல் முன்னாளில் தோலைப் போர்த்துவர். இன்று பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். துருவப் பகுதி மக்களின் கயாக் இரு முனையும் கூர்மையானது. பெரும்பாலும் ஒருவருக்கே இடம். பரிசலுக்கோ முன்னுமில்லை, பின்னுமில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே அமர வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்த மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தது. அந்தப் பார்வையிலிருந்து தப்ப எனக்கு அங்கே இடமில்லை.

அக்கரையில் வெடித்துக் கிடந்த வண்டலில் நடந்து ஆலயத்தை அடைந்தோம். சிதைந்த சுவர்களும் அடர்ந்த மௌனமும் இருந்தன. இறந்தோருக்கான செபத்தைச் சொன்னேன். மணி அங்குமிங்கும் முகர்ந்து பார்த்துவிட்டு, சுவர் நிழலில் படுத்துக்கொண்டது. வேறொன்றும் நிகழவில்லை.

குருமடத்தில் தோபித்து நூலைப் பயின்றபோது, தோபியாவின் பயணத்தில் வரும் நாயைக் கண்டு நாங்கள் வியந்ததுண்டு. வானதூதர் இரபேல் வழிகாட்டுகிறார். திக்ரீசு ஆற்று மீன் மருந்தாகிறது. நாயோ புறப்படுகையில் உடன் செல்கிறது, திரும்புகையில் உடன் வருகிறது, வேறெதுவும் செய்வதில்லை. பின் எதற்காக அது அங்கே இடம்பெற்றது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. உடன் செல்வதே அதன் பணி என்பதை அந்தச் சுவர் நிழலில் உணர்ந்தேன். பெரியவர் என்னிடம் வேண்டியதும் அவ்வளவே. மறையுரைகள் நிறைய ஆற்றினேன். உடன் செல்ல ஒருநாள் ஒதுக்கவில்லை. இந்தப் பயணம் அக்குறையை ஈடுசெய்துவிட்டதாக நான் எண்ணவில்லை. திரும்பும் வழியில், வளைவுகளில் மூன்றாம் சக்கரத்தைத் தரையில் நிறுத்தியது மணியின் பாரமே.

அவ்வாண்டு சூலை இறுதியில் அணை 120 அடியை எட்டியது; ஆலயம் மீண்டும் நீருக்குள் சென்றது. இப்போதெல்லாம் யாரேனும் "சாமி, ஒரு தடவ..." என்று தொடங்கினால், அவர் சொல்லி முடிப்பதற்குள் நாள்காட்டியை எடுத்துவிடுகிறேன். மணி எழுந்து பெட்டியருகே போய் நிற்கிறது.