சாம்பல் நிறப் பெட்டி

1/ நைட் டியூட்டி. ஒரு அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். "போன தடவை பென்சிலின் ஊசி போட்டப்போ மூச்சு முட்டிடுச்சு டாக்டர்"னு மகன் சொன்னார்.

2/ எங்க கம்ப்யூட்டரில் 'மருந்து அலர்ஜி: ஆம்' கொடுத்தாதான் மருந்துப் பட்டியல் திறக்கும். பென்சிலினைத் தேர்ந்தெடுத்தேன். யாரும் மாத்தக் கூடாதுன்னு பெட்டி சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கிச்சு. நல்லதுதானேன்னு சேவ் பண்ணேன்.

3/ பிரிண்ட் எடுத்தா அந்த இடம் காலி! பேனாவால எழுதி, வண்டியில போற நர்ஸ்கிட்டயும் சொல்லி அனுப்பினேன்.

4/ காலையில் விசாரிச்சேன். வெப் ஃபார்மில் ஒரு டிராப்டவுனை 'டிசேபிள்' பண்ணா, தேர்வு கண்ணுக்குத் தெரியும். ஆனா சப்மிட் பண்ணும்போது சர்வருக்குப் போகாது. டெக்ஸ்ட் பெட்டிக்கு இருக்கிற 'ரீட்ஒன்லி' டிராப்டவுனுக்குக் கிடையாது.

5/ ஃபார்ம் செய்யும் நண்பர்களே, டிராப்டவுனைப் பூட்டினா அதே தேர்வை ஒரு 'ஹிட்டன்' ஃபீல்டிலும் வைங்க.

6/ மத்தவங்களுக்கு: ஒத்துக்காத மருந்தின் பெயரைக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைங்க. ஒவ்வொரு டாக்டரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்க. கையில் தரும் சீட்டில் அது இருக்கான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க.