மூன்று சாக்கில் ஒரு ஃபியட்

இத்தாலிக் கார் என்றதும் சிவப்பு ஃபெராரியும், காலண்டரில் மட்டும் பார்த்த ஆல்ஃபா ரோமியோவும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் நிஜமாகவே ஏறி உட்கார்ந்த இத்தாலிக் கார் வேறு. தாதர் ஸ்டேஷனில் இறங்கி, பெட்டி படுக்கையை மேலே கட்டிவிட்டு, மாதுங்காவுக்கோ செம்பூருக்கோ போனோமே, அந்தக் கறுப்பு மஞ்சள் டாக்ஸி! பெயர் பத்மினி என்றாலும், உள்ளுக்குள் அது டூரின் நகரத்துக் கம்பெனி 1953ல் வெளியிட்ட ஃபியட் 1100தான். பம்பாய் டாக்ஸியாக அது 2023 அக்டோபரில் விடைபெற்றபோது நம் ஆட்கள் பலர் கண் கலங்கினார்கள்.

நான் சொல்ல வந்தது டாக்ஸி கதை இல்லை. எங்கள் செம்பூர் சொசைட்டி ஷெட்டில் பிரித்துப் போட்டபடி கிடந்த ஒரு வீட்டுக் காரின் கதை.

கார் கீழ்வீட்டு மாமாவுடையது. 2005 ஜூலை 26 வெள்ளத்தை மும்பைவாசிகள் யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அன்றைக்கு இந்தக் கார் கதவின் கைப்பிடி வரை முங்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் மாமா காயவைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றினார், துடைத்தார், சாக்கில் போட்டார். மறுபடி மாட்டவே இல்லை. 2019ல் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரு வெற்றுக் கூடு, மரக்கட்டை மேல் ஒரு எஞ்சின், மூன்று சாக்கு மூட்டை.

இப்போது சொசைட்டி ரீடெவலப்மென்டுக்குப் போகிறது. ஷெட்டைக் காலி செய்ய ஆறு மாசம் கெடு. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டு கிலோ கணக்கில் ஒரு விலை சொன்னார். அமெரிக்காவில் இருக்கும் பையன், "கொடுத்துடும்மா" என்றான். மாமி மட்டும் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ மெக்கானிக்கல் படிச்சவனாச்சே, ஒண்ணு பார்த்துச் சொல்லு. இது எங்க வண்டிதானா?"

(மெக்கானிக்கல் படித்ததென்னவோ உண்மைதான். இருபது வருஷமாக நான் பிடிக்கும் ஒரே ஸ்பானர் எக்ஸெல் ஷீட் என்பது மாமிக்குத் தெரியாது!)

இப்படி ஒரு கேள்வி ஏன் என்று கேட்டேன். 1967ல் வாங்கிய வண்டி. ஃபியட்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். 1971ல் மாமாவின் அம்மாவைக் கும்பகோணத்திலிருந்து பம்பாய்க்கு அழைத்து வந்தது இந்த வண்டியில்தான். பாட்டி ரயில் சாப்பாட்டைத் தொடமாட்டாராம். அதனால் டிக்கியில் ஸ்டவ், அரிசி, புளிக்காய்ச்சல் சகிதம் நாலு நாள் பயணம். பிறகு 1984ல் ஒரு விபத்து. வண்டி மூன்று மாசம் ஒரு பட்டறையில் கிடந்தது. திரும்பி வந்தபோது, "பட்டறைக்காரன் பாடியையே மாத்திட்டான், இது ஏதோ டாக்ஸியோட கூடு" என்று பில்டிங்கில் யாரோ கொளுத்திப் போட்டார்கள். மாமாவைக் கேட்டால் சிரிப்பாராம், பதில் சொல்லமாட்டாராம். மாமிக்கு அந்த உறுத்தல் நாற்பது வருஷம். "எங்க வண்டின்னா வெச்சுக்கறேன். இல்லேன்னா எடைக்குப் போட்டுடலாம், எனக்கு ஒண்ணும் இல்லை" என்றார்.

ஒண்ணும் இல்லை என்று சொன்ன குரலிலேயே எல்லாம் இருந்தது.

குர்லாவிலிருந்து ஒரு வயசான மெக்கானிக்கை அழைத்து வந்தேன். எல்லோருக்கும் அவர் 'உஸ்தாத்'. இந்தக் கார்கள் பிறந்ததே குர்லாவில்தான். 1944ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் ஆலை அங்கே இருந்தது. இன்று ஆலை இல்லை, பிரீமியர் ரோடு என்ற பெயர் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இந்த வண்டியின் வரலாறே மாறாமல் மாறிக்கொண்டிருந்த வரலாறு. ஐம்பதுகளில் முதலில் வந்தது மில்லிசென்டோ. முன்கதவு பின்பக்கமாகக் கீல் வைத்துத் திறக்கும். உருண்டையான உடம்பைப் பார்த்து மராத்திக்காரர்கள் 'டுக்கர்' (பன்றி) என்று செல்லப் பெயர் வைத்தார்கள். அப்புறம் எலிகன்ட், செலக்ட், சூப்பர் செலக்ட். 1964ல் டிலைட். எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபியட் பெயர் போய் பிரீமியர் பிரசிடென்ட், 1974ல் பத்மினி. டிலைட்டில் தொடங்கிய உடம்பு பெரிய மாற்றம் இல்லாமல் 2000 வரை ஓடியது. இத்தாலியிலோ 1969லேயே 1100ஐ நிறுத்திவிட்டார்கள். அங்கே 1962ன் 1100டி-க்கு 1221 சிசி எஞ்சின் கொடுத்தார்கள். நம் ஊர் பெட்ரோல் வண்டி கடைசி வரை அதே 1089 சிசி.

அதனால் 1967 வண்டியில் 1990ன் கதவு பொருந்தும், கிரில் பொருந்தும், எஞ்சினே உட்காரும். எந்தப் பட்டறையிலும் ரிப்பேர் செய்ய முடிந்ததற்கும் அதுதான் காரணம், எது எந்த வண்டி என்று தெரியாமல் போனதற்கும் அதுதான் காரணம்.

முதலில் கூடு. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் சேஸிஸ். எஞ்சின் அறையின் பின்சுவரில் சேஸிஸ் நம்பரைத் தகட்டிலேயே குத்தியிருப்பார்கள். ரிவெட் அடித்த பெயர்ப்பலகையைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டலாம், இதை அப்படிச் செய்ய முடியாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததும் ஒவ்வொரு எண்ணாக வந்தது. ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனது. உஸ்தாத் அதோடு விடவில்லை. எண்ணைச் சுற்றி வெட்டி ஒட்டிய வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். இல்லை.

அடுத்து பெயின்ட். டேஷ்போர்டுக்கு அடியிலும் கூரையின் உள்பக்கமும் கொஞ்சம் சுரண்டினோம். மேலே க்ரீம், கீழே சாம்பல், அதற்கும் கீழே ப்ரைமர். டாக்ஸியின் மஞ்சள் எங்கேயும் இல்லை. ஆனால் இடது பின்கதவில் க்ரீமுக்குக் கீழே கறுப்பு! டாக்ஸிக் கதவு. ஆக, பில்டிங் வதந்தியில் ஒரு கதவளவு உண்மை இருந்திருக்கிறது.

மூன்று சாக்கும்தான் எனக்குத் தலைசுற்றலாக இருந்தது. முதல் இரண்டில் ஒவ்வொரு பொருளிலும் லக்கேஜ் சீட்டு கட்டி, மாமாவின் பொடி எழுத்தில் குறிப்பு. "ஸ்டியரிங் கியர் ராடு, கீழே, வாஷர் உள்பக்கம்." மூன்றாவது சாக்கில் ஒரு சீட்டும் இல்லை. பத்மினி கிரில், பிரீமியர் முத்திரை, ஆல்டர்னேட்டர் என்று எல்லாமே பின்னாளைய சாமான். இது ஃபியட் காலத்து வண்டிதானா என்ற சந்தேகம் மறுபடி வந்தது.

உஸ்தாத் ஒன்றும் பேசாமல் மூன்று சாக்கையும் தரையில் கொட்டினார். பீடி பற்ற வைத்தார். பிறகு கேட்டார்: "இதில் எதில் சகதி இருக்கிறது?"

அவ்வளவுதான். முதல் இரண்டு சாக்கில் போல்ட் மரையிலும் குழாய் ஓட்டையிலும் ஜூலை 26ன் செம்மண் சகதி இன்னும் காய்ந்து கிடந்தது. மூன்றாவதில் துளி இல்லை. அதாவது வெள்ளத்தன்று அவை வண்டியிலேயே இல்லை. திரும்ப மாட்டும்போது போடலாம் என்று மாமா பிறகு வாங்கிச் சேர்த்தவை. சகதி படிந்த சாமானில் ஃபியட் முத்திரை இருந்தது, ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருந்தது. டைனமோவில் லூகாஸ் டிவிஎஸ் என்று பொறித்திருந்தது. நம் பாடியில் செய்தது! கும்பகோணம் போவதற்கு முன்பே வண்டிக்குள் கொஞ்சம் மெட்ராஸ் இருந்திருக்கிறது.

கடைசியில் எஞ்சின். அதிலும் சகதி இருந்தது. ஆனால் எஞ்சின் நம்பர் ஆர்.சி.யின் முதல் பக்கத்தோடு பொருந்தவில்லை.

இந்த இடத்தில் ஒரு ஏஜென்ட் வந்து சேர்ந்தார். 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் விதியைப் பற்றி விளக்கினார். ஐம்பது வயது தாண்டிய கார், சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருந்தால் தனிப் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷத்துக்கு. "எஞ்சின் நம்பர்தானே பிரச்சனை? கிரைண்டர் வெச்சு எடுத்துட்டுப் பழைய நம்பரைக் குத்திடலாம். மேலே பெயின்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்?" என்றார். அது குற்றம் என்பது அவருக்கும் தெரியும்.

நான் வாய் திறப்பதற்குள் மாமி சொன்னார்: "பொய் நம்பர் அடிச்சா அப்புறம் அது எங்க வண்டியா எப்படி இருக்கும்?"

அன்று ராத்திரி மாமி பழைய ஃபைல் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். ஆர்.சி. புத்தகத்தின் பின்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஆவியில் காட்டிப் பிரித்தோம். ஊதா முத்திரையோடு 1985ல் எஞ்சின் மாற்றப் பதிவு, கீழே ஆர்.டி.ஓ. கையெழுத்து. நம்பர் சரியாக இருந்தது. விபத்துக்குப் பிறகு மாமா எஞ்சினை மாற்றியிருக்கிறார், முறையாகப் பதிந்தும் இருக்கிறார். மாமி அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருக்கலாம் இல்லையா மனுஷன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரையும் பக்கவாட்டு அடித்தட்டும் இற்றுப்போயிருந்தன. உடம்பே சேஸிஸ் என்பதால் பட்டி பூசி மறைக்கிற வேலை இது இல்லை. இற்றதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். இறுகிப்போன பிஸ்டன்களுக்கு டீசலும் கியர் ஆயிலும் ஊற்றிப் பத்து நாள் ஊறவைத்தோம். பிறகு ரீபோர். அலுமினிய ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன் செய்தோம். முன்சக்கரக் கிங் பின்னுக்கு குர்லா சி.எஸ்.டி. ரோடில் நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். ஸ்டியரிங்கோடு சேர்ந்த கியர் இணைப்புகளைப் பொருத்தியது முழுக்க மாமாவின் சீட்டுகளைப் பார்த்துத்தான். தமிழ் தெரியாத உஸ்தாதுக்கு நான் ஒவ்வொன்றாக இந்தியில் படித்துச் சொன்னேன்.

டாக்ஸிக் கதவை மாற்றி ஒரிஜினல் கதவு தேடலாமா என்று கேட்டேன். மாமி வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் கதவோடுதான் இருபது வருஷம் ஓடியிருக்கிறது. க்ரீம் அடித்தாயிற்று. கீல் பக்கத்து உள்விளிம்பில் மட்டும் ஒரு விரற்கடை கறுப்பை அப்படியே விட்டிருக்கிறோம். மூன்றாவது சாக்கு பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது.

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. பக்கத்துத் தெருவில் வாடகைக்கு ஷெட்டும் கிடைத்துவிட்டது. பதிவு வேலை இன்னும் நடக்கிறது. எஞ்சின் மாறியதையும் கதவு மாறியதையும் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்திருக்கிறோம். வின்டேஜ் என்று ஒத்துக்கொள்வதும் கொள்ளாததும் அதிகாரி பாடு.

ஊரிலோ இங்கேயோ உங்கள் வீட்டு ஷெட்டில் இப்படி ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். தகட்டில் குத்திய நம்பரைத் தேய்த்துப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தின் ஒட்டிப்போன பின்பக்கங்களையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.