விருது போய்ச் சேர வேண்டிய கைகள்

2023-இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் நினைக்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள். பாம்பு பிடிப்பவர்கள்.

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை விழுந்தபோது இருளர்களின் பிழைப்பே ஆட்டம் கண்டது. 1978-இல் அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தை வைத்துத்தான் பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து தயாராகிறது. வயலில் கடிபட்டுப் பிழைத்தவர்கள் பலருடைய உயிருக்குப் பின்னால் இந்தக் கைகள் இருக்கின்றன.

2017-இல் இவர்கள் இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

மண்ணில் தடம் பார்த்தே பாம்பு எந்த வளையில் இருக்கிறது என்று சொல்லிவிடும் பரம்பரை அறிவு இது. அதை அறிவு என்று நாடே ஒப்புக்கொண்டதுதான் இந்த விருதின் பெருமை.

பத்ம விருதுக்குப் பொதுமக்களே இணையத்தில் பரிந்துரை அனுப்பலாம். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் செய்த வேலையை விவரமாக எழுதி, இந்த ஆண்டே அனுப்புங்கள்.