சாவியும் சன்னலும்

ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, எங்கே தங்கப் போகிறோம் என்பதற்கான சான்றையும் இணைக்க வேண்டும். ஊரைக் கண்ணால் காணும் முன்பே அவ்வூரில் நமக்கான கூரையைத் தீர்மானித்துவிட வேண்டிய நிர்ப்பந்தம் இது. 2025 மே விடுமுறையில் போர்ச்சுக்கல் செல்வதென்று முடிவான நாள் முதல், எங்கள் வீட்டு இரவுகள் லிஸ்பன் நகர வரைபடத்தின் முன்னால் கழிந்தன. நாங்கள் இருவரும் கல்லூரி ஆசிரியர்கள். ஒருவர் தமிழ், மற்றவர் வரலாறு. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்துகளில் அச்சிட்ட நூல் 1554-இல் வெளியான நகரம் என்பதால், லிஸ்பன்மீது எங்கள் இருவர் துறைக்குமே ஓர் உரிமை இருந்தது. உடன் வரவிருந்தவர் 71 வயதான அம்மா. கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவர். சில ஆண்டுகளாக வலது முழங்கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

வரைபடத்தில் எங்களை முதலில் அழைத்தது பைஷா என்னும் சமதளப் பகுதி. 1755 நவம்பர் 1 அன்று நிகழ்ந்த நிலநடுக்கமும், அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் தீயும் அழித்த இடத்தில், அமைச்சர் பொம்பால் நேர்நேரான வீதிகளை எழுப்பினார். சுவர்களுக்குள் கூண்டுபோல் மரச்சட்டங்களைப் பின்னி, நடுக்கத்தைத் தாங்கும்படி கட்டடங்கள் அமைக்கப்பட்டன. பொன் வீதி, வெள்ளி வீதி, செருப்புத் தைப்போர் வீதி என்று தொழிலின் பெயராலேயே தெருக்கள். சிலம்பின் ஊர்காண் காதையில் கோவலன் சுற்றி வரும் மதுரை வீதிகள் எங்களுக்கு நினைவுக்கு வந்தன. பைஷாவில் விடுதிகளும் இருந்தன, அவற்றில் மின்தூக்கியும் இருந்தது. எனினும் நாங்கள் அதை ஒதுக்கினோம். நிலநடுக்கத்திலும் பெரும்பாலும் பிழைத்து நின்ற அல்ஃபாமா அதற்குக் கிழக்கே, கோட்டைக் குன்றின் சரிவில் இருந்தது. வெந்நீரூற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர்; மூர்கள் காலத்துச் சந்துகள்; படிக்கட்டுகளே தெருவாக இறங்கும் அமைப்பு. இவ்வளவு தூரம் சென்று, 18-ஆம் நூற்றாண்டின் நேர்கோட்டு வீதியிலா உறங்குவது என்று எங்களுக்குத் தோன்றியது.

அம்மாவிடம் கேட்டோம். கேட்டோம் என்பதைவிட, படங்களைக் காட்டினோம் என்பதே சரி. “உங்களுக்குப் பிடிச்சா சரிதான்” என்றார். அந்த விடையை நாங்கள் சம்மதமாக எழுதிக்கொண்டோம். மூன்றாம் மாடியில் ஒரு சிறு வீட்டுக்கு ஏழு இரவுகளுக்கு முன்பணம் கட்டினோம். வரைபடம் படிகளைக் காட்டவில்லை என்று பின்னாளில் எங்களுக்குள் சொல்லிக்கொண்டது உண்மையன்று. படங்களில் படிகள் தெளிவாகவே இருந்தன. அவை அழகாக இருந்ததால்தான் அந்த வீட்டையே தேர்ந்தோம்.

வீட்டு உரிமையாளரை நாங்கள் கடைசிவரை காணவில்லை. வாசலில் வரிசையாகத் தொங்கிய எண்பூட்டுப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்து சாவியை எடுத்துக்கொள்ளும்படி குறுஞ்செய்தி வந்திருந்தது. ஆளுக்கு ஓரிரவுக்கு 4 யூரோ நகராட்சியின் தங்கல் வரியும் முன்பே வசூலாகியிருந்தது. சந்திலிருந்து வீட்டுக் கதவுவரை 58 படிகள். முதல் நாள் அம்மா சுவரைப் பிடித்தபடி ஏறினார். இரண்டாம் நாள் இறங்கி, மாலையில் ஏறும்போது மூன்று இடங்களில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலை முழங்கால் வீங்கியிருந்தது.

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இந்த ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்கேன்.”

நாங்கள் சென்றோம். பெலேமில் ஜெரோனிமோஸ் மடாலயத்தின் கல்வேலைப்பாட்டையும், உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறையையும் பார்த்தோம். பார்த்ததில் பாதி மனத்தில் நிற்கவில்லை. மாலையில் திரும்பியபோதுதான் சாவியை உள்ளேயே விட்டு வந்தது தெரிந்தது. கீழிருந்து குரல் கொடுத்தோம். அம்மா சன்னலில் தோன்றி, “சாவியைத் தூக்கிப் போடறேன், புடிங்க!” என்று உரக்கச் சொன்னார். எதிர்வீட்டுச் சன்னலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி சிரித்துவிட்டார். “ஷாவ், ஷாவ்” என்று அம்மாவின் கையைச் சுட்டினார்.

சாவி, சன்னல், மேசை, அலமாரி ஆகியவை போர்ச்சுக்கீசியர் வழியே தமிழுக்கு வந்த சொற்கள் என்பதை நாங்கள் ஆண்டுதோறும் வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறோம். அம்மாவுக்கு அந்தப் பட்டியல் தெரியாது. அவர் சன்னல் சட்டத்தைத் தட்டி “ஜன்னல்” என்றார். எதிரில் இருந்தவர் தம் சட்டத்தைத் தட்டி “ஜனேலா” என்றார். இரவு உணவுவரை இருவரும் இப்படியே தட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அந்த மூதாட்டி சுட்ட மத்தி மீன் நான்கைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவினும் மூத்தவர் அவர். இரண்டு கட்டடங்களின் படிகளையும் அவர் ஏறி இறங்கியது எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி வழியே சிறிது பேசினோம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே வீட்டில் வாடகைக்கு இருக்கிறாராம். பழைய ஒப்பந்தம். வாடகை கட்டுப்படியாகாமல் மகன் தேஜோ ஆற்றின் மறுகரைக்குக் குடிபெயர்ந்துவிட்டார். கட்டடத்தின் மற்ற வீடுகளின் வாசலிலும் எண்பூட்டுப் பெட்டிகள் வந்துவிட்டன. 2012-இல் போர்ச்சுக்கல் கடன் நெருக்கடியில் இருந்தபோது பழைய வாடகைக் கட்டுப்பாடுகளைச் சட்டம் தளர்த்தியதையும், பயணியருக்கு விடப்படும் வீடுகள் பெருகியதால் 2018-இல் அல்ஃபாமா உள்ளிட்ட பழைய பகுதிகளில் புதிய உரிமங்களை நகராட்சி நிறுத்தி வைத்ததையும் நாங்கள் படித்திருந்தோம். படித்தது எங்கள் கையிலிருந்த சாவியோடு வந்து ஒட்டியது அன்றுதான். நாங்கள் உறங்கிய அறையிலும் முன்பு யாரோ குடியிருந்திருக்க வேண்டும்.

அன்றிரவு அம்மா கேட்டார்: “இந்தத் தெருவுல ராத்திரி வெளக்கு எரியற வீட்டுல எத்தன வீடு ஊர்க்காரங்க வீடு?” எண்ணிப் பார்த்தோம். எங்கள் சன்னலிலிருந்து தெரிந்தவற்றில் இரண்டு.

முழங்காலை மேலும் வருத்த முடியாது. எஞ்சிய மூன்று இரவுகளின் பணம் திரும்பாது என்று தெரிந்தும், வடக்கே அன்ஜுஷ் பகுதியில் ஒரு சிறு விடுதியில் அறை எடுத்தோம். மின்தூக்கி உண்டு, பச்சைத் தடத்து மெட்ரோ அருகில், கீழே அண்டைவீட்டார் வெங்காயமும் ரொட்டியும் வாங்கும் கடை. நடத்துபவர் மேல்மாடியிலேயே குடும்பத்தோடு வசிப்பவர். எல்லா வகையிலும் முதலிலேயே தேர்ந்திருக்க வேண்டிய இடம். நாங்கள் நிம்மதியோடு சொன்னபோது அம்மாவின் முகம் மலரவில்லை.

“நாம கெளம்பிட்டா அந்தம்மாவுக்கு யாரு?”

எங்களிடம் விடை இல்லை. நாங்கள் இருந்தாலும் இன்னும் மூன்று நாள்தானே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டோம்.

அடைக்கலக் காதையை இத்தனை ஆண்டுகள் நடத்தியும் கவனிக்காமல் விட்ட ஒன்று அப்போது உறைத்தது. கண்ணகிக்குத் தங்குமிடம் தேடிய கவுந்தியடிகள், மதுரையின் மாடங்களில் எது பழமையானது, எங்கிருந்து பார்த்தால் வையை தெரியும் என்று ஆராயவில்லை. எதிரே வந்த ஆயர்குல முதுமகள் மாதரியைப் பார்த்தார், அவளிடம் ஒப்படைத்தார். வீட்டைவிட, வீட்டில் இருப்பவர் யார் என்பதே அவருக்குத் தேர்வு. நாங்களோ யாருமற்ற ஒரு வீட்டைத் தேர்ந்து, எதிர்வீட்டில் தற்செயலாக ஒரு மாதரியைக் கண்டோம்.

புறப்பட்ட காலையில் பெட்டிகளின் சக்கர ஓசை சந்தின் கற்களில் எழுந்ததும் எதிர்ச்சன்னல் திறந்தது. அம்மா நின்று கையசைத்தார். மூதாட்டியும் கையசைத்துவிட்டு, நாங்கள் முதல் படியில் இறங்கும் முன்பே சன்னலைச் சாத்திக்கொண்டார். எத்தனையோ பெட்டிகள் போவதைப் பார்த்தவர்.

லிஸ்பனில் எங்கே தங்கலாம் என்று இப்போது நண்பர்கள் கேட்கிறார்கள். படிகள் எத்தனை, மின்தூக்கி உண்டா, உரிமப் பதிவெண் விளம்பரத்தில் இருக்கிறதா, நடத்துபவர் அங்கேயே வசிக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறோம். முதியவர் உடன் வந்தால் அன்ஜுஷ், இல்லையேல் பைஷா; அல்ஃபாமாவுக்குப் பகலில் நடந்து செல்லுங்கள், அங்குள்ள கடையில் ஏதேனும் வாங்குங்கள் என்கிறோம். அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா மட்டும் இதை ஏற்பதில்லை. “அந்த ஜன்னல் வீடும் நல்லாத்தான் இருந்துச்சு” என்கிறார்.