காட்ஜில்லா எப்போ நம்ம ஆளு ஆச்சு?

2024-ல் வந்த 'காட்ஜில்லா x காங்' படத்தில் காட்ஜில்லா ரோம் நகரத்துக் கொலோசியத்துக்குள்ள சுருண்டு படுத்துத் தூங்கும், பூனைக்குட்டி மாதிரி. தியேட்டரே சிரிச்சுது, நானும்தான். அப்புறம் செமஸ்டர் லீவுல 1954-ல் வந்த முதல் ஜப்பான் படத்தை சப்டைட்டிலோட பார்த்தேன். அதுல சிரிக்க ஒண்ணுமே இல்ல.

அந்த வருஷம் மார்ச் 1-ம் தேதி அமெரிக்கா பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தியது. அதோட சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு மேல கொட்டியது. படகில் இருந்த 23 பேருக்கும் கதிர்வீச்சு பாதிப்பு. செப்டம்பரில் அந்தப் படகின் ரேடியோ ஆபரேட்டர் இறந்துபோனார். நவம்பரில் இஷிரோ ஹோண்டா இயக்கிய காட்ஜில்லா ரிலீஸ். முதல் சீனே கடலில் ஒரு கப்பல் எரிஞ்சு மூழ்குறதுதான். பார்த்தவங்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

டோக்கியோ எரியும்போது ஒரு அம்மா பிள்ளைகளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, சீக்கிரமே அப்பாகிட்ட போயிடலாம் என்கிறார். அடுத்து ஆஸ்பத்திரி. ஒரு குழந்தை மேல கைகர் கவுன்ட்டர் வச்சுப் பார்க்கிறவர் மெதுவா தலையாட்டுகிறார், அவ்வளவுதான். மான்ஸ்டர் படத்துல இந்த சீனுக்கு நான் தயாரா இல்ல.

சரி, அது எப்படி ஹீரோ ஆச்சு? 1964 ஏப்ரலில் வந்த மோத்ரா படத்துல கூட அது வில்லன்தான். அதே வருஷம் டிசம்பரில் மூணு தலை கிடோரா வானத்திலிருந்து வருது. மோத்ரா புழு காட்ஜில்லாவிடமும் ரோடானிடமும் போய் சமாதானம் பேசுது. மொழிபெயர்ப்பு, கைக்குள் அடங்கும் இரட்டைப் பெண்கள்! மனுஷங்க நமக்குத் தொல்லைதானே கொடுத்தாங்க, நாம ஏன் காப்பாத்தணும்னு காட்ஜில்லா கேட்கும். நியாயமான கேள்வி. யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. மோத்ரா தனியா போய் அடி வாங்குறதைப் பார்த்த பிறகுதான் அது சண்டையில் இறங்கும்.

ஃபார்முலா நமக்குப் புதுசு இல்ல. பழைய ரவுடியை நல்லவனாக்கணும்னா, ஊருக்கு அவனைவிட மோசமான ரவுடியைக் கொண்டுவந்தா போதும். அப்புறம் 1967-ல் மகன், 1973-ல் வால் தரையில் சறுக்க டிராப்கிக். அந்தக் கிக்கை நான் எத்தனை தடவை ரீவைண்ட் பண்ணேன்னு கேட்காதீங்க.

ஆனா அந்தக் குண்டு எங்க போச்சு? அதுதான் எனக்கு உறுத்துது. 1966-ல் ஜப்பானின் முதல் வணிக அணுமின் நிலையம் டோக்காயில் ஓட ஆரம்பிச்சது. இதுக்கும் காட்ஜில்லாவுக்கும் நேரடி சம்பந்தம்னு நான் சொல்லல. மெக்கானிக்கல் மாணவனா அணு உலைப் படத்தை பாகம் குறிச்சு வரைஞ்சு மார்க் வாங்கியிருக்கேன். அதுக்கு எதிரியும் இல்ல. ஆனா பயந்த ஒரு விஷயத்தை பொம்மையாக்கி கையில் வச்சுக்கிட்டா, அதைப் பத்திக் கேள்வி கேட்குற பழக்கமும் போயிடுது.

2011-ல் ஃபுகுஷிமா. 2016-ல் 'ஷின் காட்ஜில்லா'. திரும்பவும் பயங்கரம். அமைச்சர்கள் ரூம் மாத்தி ரூம் மீட்டிங் போட்டுக்கிட்டே இருக்க, அது ஊரை எரிச்சுக்கிட்டு வரும். கடைசியில் கொல்ல முடியாது, உறையத்தான் வைக்க முடியும். டோக்கியோ நடுவுல அது அப்படியே நிக்கும். மக்கள் அதைச் சுத்தித்தான் வாழ்ந்தாகணும்.